இரண்டு பக்கமும் ஒரே கோப்பு

அந்தக் கார்டைப் பெட்டியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தபோது அதன் ஓரத்தில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. வெள்ளை இறகு. நுனியில் மட்டும் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன், போகவில்லை. என்னோடு வந்திருந்த சர்வீஸ் அண்ணன் மூக்கை மூடிக் கைக்குட்டை கட்டியிருந்தார். கவரில் போட்டுக்கொள்ளும்படியும் அலுவலகத்தில் போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்றும் அந்தத் துணிக்குள்ளிருந்தே சொன்னார்.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணை அது. சித்திரை வெயில் காலையிலேயே ஏறிவிட்டிருந்தது. முந்தின நாள் மதியம் அந்த ஷெட்டுக்குள் இருந்த கோழிகள் முழுக்கச் செத்துப்போயிருந்தன.

நான் அப்போது கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தேன். மூடிய கோழி ஷெட்டுகளுக்குக் கண்ட்ரோல் கார்டு செய்வது எங்கள் தொழில். மூடிய ஷெட் என்றால் நாலு பக்கமும் அடைத்த நீளமான கட்டடம். ஒரு கோடியில் தண்ணீர் வழியும் ஈரத் தட்டிகள், மறு கோடியில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்க இழுக்க, ஈரத் தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். எந்த நேரத்தில் எத்தனை ஃபேன் ஓட வேண்டும் என்பதைச் சூட்டைப் பார்த்து முடிவு செய்வது எங்கள் கார்டு. ஃபேன் நின்றுவிட்டால் சைரனை ஊத வைப்பதும் அதுதான். சைரனுக்கென்று தனியாக ஒரு பேட்டரி உண்டு. வெயில் காலத்தில் ஃபேன் நின்ற ஷெட்டுக்குள் கோழிகள் அரை மணி நேரம் தாங்காது. வேறு எது பழுதானாலும் சைரன் பழுதாகக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று உள்ளே போனபோது நான் பார்த்ததை இப்போதும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நினைக்க மாட்டேன். தேங்காய் நார்த்தூள் பரப்பிய தரையே தெரியவில்லை. விற்பனைக்குத் தயாரான கொழுத்த கோழிகள், காற்றுக்காக ஈரத் தட்டியை நோக்கி ஓடி, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவற்றின் அலகுகள் திறந்திருந்தன. அடியில் இருந்தவை ஒரே நாளில் பச்சை பூத்து ஊதிப்போயிருந்தன. கூலிக்கு வந்த ஆட்கள் காலைப் பிடித்து இரண்டிரண்டாக இழுத்து டிராக்டர் பெட்டியில் வீசினார்கள். சில கால்கள் தனியாகக் கையோடு வந்தன. ஈக்களின் சத்தம் ஒரு மோட்டார் ஓடுவதுபோல் இருந்தது. தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. நாற்றம் நாக்கில் படிந்து ஒரு ருசியாகவே மாறிவிட்டிருந்தது. நான் எச்சிலை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்து துப்பினேன்.

பண்ணையை நடத்தியது ஒரு புருஷன் பெண்டாட்டி. வேறு ஆள் கிடையாது, அவர்களே தீவனம் வைத்து, அவர்களே குஞ்சு பார்த்து வளர்த்தவர்கள். அந்த அக்காள்தான் பேசினார். முந்தின நாள் மதியம் கரண்ட் வோல்டேஜ் இறங்கி ஃபேன்கள் நின்றிருக்கின்றன. வீடு ஷெட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சைரன் அடித்தால் நாலு காடு தாண்டிக் கேட்கும். சாப்பிட்டு, கை கழுவி, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பண்ணைக்காரர் ஷெட்டுக்குப் போய்க் கதவைத் திறந்திருக்கிறார்.

"சைரன் கத்தவே இல்லீங்க அம்மணி. ஒரு சத்தம் கேட்டிருந்தாலும் தட்டை அப்படியே போட்டுப்போட்டு ஓடியிருப்போம்" என்றார் அந்த அக்காள். அவர் கைகளில் முழங்கை வரைக்கும், குழிக்குள் தூவிய சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது.

நாங்கள் புறப்படும் முன்பே எங்கள் முதலாளி ஒரு காரணம் சொல்லி அனுப்பியிருந்தார். சைரன் தொல்லையாக இருக்கிறது என்று பண்ணைக்காரர்களே வயரைக் கழற்றி விட்டுவிடுவார்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். அப்படிச் செய்பவர்கள் இல்லாமல் இல்லை. சர்வீஸ் அண்ணன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். வயர் இறுக்கமாக இருந்தது. பேட்டரியை நேராகக் கொடுத்துப் பார்த்தார், சைரன் அலறியது. குழியருகே நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சட்டென்று வயரை எடுத்துவிட்டார். பண்ணைக்காரர் மட்டும் திரும்பவில்லை. டிராக்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு வந்து கவரைப் பிரித்ததும் ஹால் முழுவதும் அந்த நாற்றம் பரவியது. பக்கத்து மேசைக்காரர்கள் ஊதுபத்தி கொளுத்தினார்கள். முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, அதை மாடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நான் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுக் கார்டைத் துடைத்தேன். பிறகு அதிலிருந்த சிப்பின் உள்ளடக்கத்தை அப்படியே படித்து ஒரு கோப்பாகச் சேமித்தேன். சைரன் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஊதவில்லை என்றால் சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அதைப் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு மென்பொருள் உண்டு. இரண்டு கோப்புகளை இடமும் வலமுமாகத் திறந்து வைக்கும். மனிதர்கள் வாசிக்கும் எழுத்தாக எதுவும் இருக்காது, வரிசை வரிசையாக வெறும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த ஜோடிகள்தான். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். மாறியிருக்கும் இடம் சிவப்பாகத் தெரியும். ஓரத்தில் ஒல்லியாக ஒரு பட்டை முழுக் கோப்பையும் சுருக்கிக் காட்டும், அதில் எங்கெல்லாம் சிவப்புக் கோடு விழுகிறதோ அங்கெல்லாம் வித்தியாசம். அவ்வளவுதான் அதன் வேலை. எது சரி, எது தப்பு என்று அது சொல்லாது.

இடது பக்கம் பண்ணைக் கார்டின் கோப்பைத் திறந்தேன். வலது பக்கம் கார்டுகளில் ஏற்றுவதற்காக நாங்கள் வைத்திருந்த சரியான கோப்பு. மூன்று இடங்களில் சிவப்பு விழுந்தது. முதலாவது, கோப்பு உருவான தேதி. கடைசியில் இருந்தது, முழுக் கோப்பையும் கூட்டிப் போட்டுச் சரிபார்க்கும் எண், எங்கே எது மாறினாலும் அதுவும் மாறும். நடுவில் ஒற்றையாக ஒரு ஜோடி. வலது பக்கம் 01, இடது பக்கம் 00. அது எதற்கான இடம் என்று எனக்குத் தெரியும். சைரன் ஊதலாமா, வேண்டாமா என்பதற்கான இடம் அது.

ஊதாத கோப்பு ஒன்று எங்கள் கம்பெனியில் இருந்தது. எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் செய்து வைத்தது. மேசையில் வைத்துக் கார்டைச் சோதிக்கும்போதெல்லாம் சைரன் அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி அறைக்குள் முதலாளியால் போன் பேச முடியவில்லை. சத்தம் போடாமல் சோதிக்க ஏற்பாடு செய்யச் சொன்னார், அந்த எஞ்சினியர் செய்து கொடுத்தார். அது மேசைக்கு மட்டுமானது. கோடைக்கு ஆர்டர் குவிந்தபோது முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியாட்களை வரவழைத்துச் சிப்புகளில் கோப்பை ஏற்ற வைத்தார். எங்களில் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு எந்தக் கோப்பு எதற்கென்று எப்படித் தெரியும்? கண்ணில் பட்டதை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு மனிதர் போனில் நிம்மதியாகப் பேசுவதற்காக எழுதப்பட்ட 00 அது. என் விரலில் இன்னும் ஸ்பிரிட்டையும் மீறி அந்த வாடை இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து முதலாளியைக் கூப்பிட்டேன்.

அவர் கெட்ட வார்த்தை பேசாதவர். ஆபீஸ் கூட்டுபவரைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். தினமும் நெற்றியில் சந்தனம், வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. திரையைக் குனிந்து பார்த்தார். நான் மூன்று இடங்களையும் காட்டிச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார் என்பது அவர் காது மடல் சிவந்ததிலேயே தெரிந்தது.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இல்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்றிய மற்றக் கார்டுகள் எந்தெந்த ஷெட்டில் இருக்கின்றன, உடனே மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். தான் பார்த்துக்கொள்வதாகவும், நான் பதற்றப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வியாபாரச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பற்களைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் வெயில் குறையவில்லை. எந்த ஷெட்டுக்கும் ஆள் போகவில்லை. நான் காலையும் மாலையும் கேட்டேன். ஏற்பாடு நடக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றார். நடந்த ஏற்பாடு என்னவென்று மூன்றாம் நாள் தெரிந்தது.

அன்று அந்தப் புருஷன் பெண்டாட்டியை வரச் சொல்லியிருந்தார். மீட்டிங் அறையில், வாடிக்கையாளர்களுக்குப் படம் காட்டும் பெரிய டிவிக்கு முன்னால் அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். மல்லிகை வாசனை ஸ்பிரே அடித்திருந்தது. அவர்கள் மீது வாடை வரும் என்று முன்கூட்டியே அடித்தது அது என்று எனக்குத் தோன்றியது. மேசையில் காபியும் ஒரு தட்டில் மிக்சரும். பண்ணைக்காரர் சலவை வேட்டி கட்டியிருந்தார். அந்த அக்காள் கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். சுண்ணாம்பு தின்று தோலுரிந்த கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார். என்னையும் சர்வீஸ் அண்ணனையும் உள்ளே வரச் சொன்னார்கள். அண்ணன் கதவை ஒட்டி நின்றுகொண்டார்.

முதலாளியே கணினியை இயக்கினார். அந்த மென்பொருளை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். டிவியில் இரண்டு பக்கங்களும் விரிந்தன. முழுக்கக் கறுப்பு எண்கள். ஓரப் பட்டை வெறுமையாக இருந்தது.

"இந்தப் பக்கட்டு உங்க கார்டுல இருந்து எடுத்ததுங்க. அந்தப் பக்கட்டு எங்க கம்பெனி ஒரிஜினல். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் செவப்பாக் காட்டிக் குடுத்துரும். பாருங்க, எங்கியாச்சும் பொட்டளவு செவப்பு இருக்குதுங்களா?"

சொல்லிக்கொண்டே மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்திக் காட்டினார். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பண்ணைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு வரியையும் பார்க்க முயன்றார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டும்போது பார்ப்பவர்கள்போல, புரியாவிட்டாலும் மரியாதையாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பக்கத்தின் தலையிலும் எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து திறந்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். இடது பக்கத் தலையில் இருந்த பெயரும் வலது பக்கத் தலையில் இருந்த பெயரும் ஒன்று. எங்கள் சரியான கோப்பையே இரண்டு தடவை திறந்து எதிரெதிரே வைத்திருந்தார்.

அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது. நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சாம்பாரில் பல்லி கிடப்பதைப் பார்த்ததுபோல இருந்தது. இவர் இதைச் செய்வதற்காக எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பார், சந்தனம் வைத்துக்கொண்டு கிளம்பும்போது இதை நினைத்துக்கொண்டே வந்திருப்பாரா என்றெல்லாம் ஓடியது. பக்கத்தில் ஆடை படிந்திருந்த காபியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த அக்காள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதான அன்னைக்கு வந்து எடுத்துட்டுப் போனீங்க. நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"ரெண்டு பக்கமும் ஒரே ஃபைல்தானுங்க அக்கா" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

முதலாளி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "பாத்தீங்களா, நம்ம எஞ்சினியரே சொல்லிப்போட்டாங்க. ரெண்டும் ஒண்ணேதானுங்க" என்று முகம் மலரச் சொன்னார். நான் சொன்ன உண்மை என் வாயிலிருந்து வெளியே வந்ததும் அவருடைய பொய்யாகிவிட்டிருந்தது.

பண்ணைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். மனைவியிடம் தணிந்த குரலில், தீவன மூட்டையை இழுக்கும்போது தான்தான் எங்காவது வயரை மிதித்திருக்க வேண்டும் என்றார். மிதித்த மாதிரி ஒரு ஞாபகம்கூட இருக்கிறது என்றார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. வயர் கூரையோரம் போகிறது, தரையில் வயரே கிடையாது. ஆனால் அந்த மனிதர் எங்கள் கண்ணெதிரே இல்லாத ஒரு குற்றத்தைத் தேடி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி ஆறுதலாகத் தலையாட்டினார்.

நான் எழுந்து போய் மௌஸைப் பிடித்தேன். அவர் கை இன்னும் அதன்மேல் இருந்தது, வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணா, இது உங்க கார்டுல இருந்து எடுத்தது இல்லீங்க" என்றேன். "ஒரே ஃபைலையே ரெண்டு தடவை தொறந்து வெச்சிருக்குது. அதையே அதோட வெச்சுப் பாத்தா எப்படிச் செவப்பு வரும்? உங்களுதை இப்பக் காட்டறேன், பாருங்க."

நான் படித்து வைத்த கோப்பை இடது பக்கம் திறந்தேன். ஓரப் பட்டையில் மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்தன. நடுக் கோட்டுக்குப் போய் நிறுத்தி, இதுதான் சைரனுக்கான இடம், இங்கே ஒன்று இருக்க வேண்டும், உங்கள் கார்டில் பூஜ்யம் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொன்னேன்.

முதலாளி அது வேறு ஏதோ கார்டு என்றார். கோப்புகள் கலந்துபோயிருக்கும் என்றார். பிறகு சர்வீஸ் அண்ணனைப் பார்த்து, நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள், அது இல்லைதானே என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"அது கத்தக்கூடாதுன்னு நீங்களே எழுதி வெச்சிருந்தீங்களாங்க?"

"அது டெஸ்டிங்குக்கு எழுதினதுங்க, இங்க ஆபீஸுக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தவர், தான் ஒப்புக்கொண்டுவிட்டது புரிந்து நிறுத்தினார்.

பண்ணைக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். மேசையை உதைத்திருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்து நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்:

"குழி பத்தலீங்க. மேல மண்ணு மூடோணும்ல. நானே உள்ள எறங்கி மிதிச்சேனுங்க. எல்லாம் நான் தீவனம் வெச்சதுங்க. நாலு நாளா சோப்புப் போட்டுத் தேய்க்கறேன், கால்ல இருந்து நாத்தம் போக மாட்டேங்குது."

அதற்கும் 'ங்க' போட்டுத்தான் சொன்னார். அவர்கள் போன பிறகு காபியும் மிக்சரும் தொடப்படாமல் இருந்தன. முதலாளி நாற்காலியை நேராக்கி வைத்தார். டிவியை அணைத்தார். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. நஷ்டப்பட்டவர்களுக்கு மனசு ஆற வேண்டும், யார் தப்பு என்று நோண்டுவதால் செத்த கோழி வரப்போவதில்லை, ஒரு ஆறுதலுக்காகத்தான் அப்படிக் காட்டினேன் என்று மெதுவாக விளக்கினார். தன் மகளுக்குச் சொல்வதுபோலச் சொல்வதாகவும் சொன்னார். அவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்து ஏமாற்றுகிறவன் பக்கத்தில்கூட உட்கார்ந்துவிடலாம். ஏமாற்றுவதையே உபகாரமாக நினைக்கிற மனிதர் மூச்சு விடும் காற்றை நானும் இழுக்கிறேனே என்று இருந்தது.

அன்று மதியம் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். மற்ற ஷெட்டுகளின் கார்டை நாளை மாற்றாவிட்டால் பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்வேன் என்றேன். அவர் சரி என்றார்.

மறுநாள் காலை வேன் தயாராக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'கோடைகால இலவச சர்வீஸ் முகாம்' என்று மஞ்சளும் சிவப்புமாக எழுத்து. ஒரு மூலையில் கொழுகொழுவென்று வெள்ளைக் கோழிகள், மறு மூலையில் கை கூப்பிய முதலாளி. அந்த ஃபிளெக்ஸ் ஒரே இரவில் அடிக்கப்பட்டிருந்தது. கார்டு மாற்ற ஒரு வாரம் ஆகும் என்று சொன்னவர், தன் படம் போட ஓர் இரவுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேனில் ஏறி உட்கார எனக்குக் கூசியது. ஆனால் சிப்புகள் அதில்தான் இருந்தன.

சூலூரில் தொடங்கி பல்லடம் வரை ஷெட் ஷெட்டாகப் போனோம். சர்வீஸ் அண்ணன் வழியிலேயே என்னிடம் கெஞ்சினார். இலவச சர்வீஸ் என்று சொல்லி மாற்றிவிட்டு வந்துவிடலாம், வேலை முடிந்தால் போதாதா என்றார். அவர் மீது எனக்கு வெறுப்பு இல்லை. நான் பேசும்போது நீங்கள் தள்ளி நின்றுகொள்ளுங்கள், கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்றேன். அப்படியே செய்தார். ஒவ்வொரு ஷெட்டிலும், சைரன் ஊதாத மாதிரி தப்பான ஃபைல் ஏற்றிக் கொடுத்துவிட்டோம், அதனால் மாற்றுகிறோம் என்று நான் சொன்னேன்.

ஒருவர் சிரித்தார். அந்த எழவைக் கழற்றிப் போட்டு மாசமாச்சு என்றார். அவரிடம் திரும்ப மாட்டச் சொல்லி மன்றாட வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் என்னை நிற்க வைத்துப் பத்து நிமிஷம் திட்டினார், அத்தனையும் எனக்கு வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் விஷயத்தைக் கேட்ட பிறகும் மோர் கலக்கிக் கொடுத்தார்கள், நல்லகாலம், வந்து சொன்னீங்களே என்றார்கள். சொம்பைக் கையில் வாங்கிய எனக்குக் குடிக்க முடியவில்லை. வெளியே நின்ற வேனின் மீது முதலாளி கை கூப்பிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கார்டுகள் எல்லாவற்றிலும் அதே 00 இருந்தது. தெய்வாதீனமாக வேறெங்கும் ஃபேன் நின்றிருக்கவில்லை.

முகாம் முடிந்த மறுநாள் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதும் நயமாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. அந்தப் புருஷன் பெண்டாட்டி பண்ணையாளர் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசியதாகவும், முதலாளி நஷ்டத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டதாகவும் அண்ணன் பிற்பாடு சொன்னார். கம்பெனி இன்றும் நன்றாக நடக்கிறது. நான் இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, நூல் மில்லுக்கு மெஷின் செய்யும் ஓர் இடத்தில் சேர்ந்தேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் அந்த அக்காள் போன் செய்தார். அண்ணனிடம் என் நம்பரை வாங்கியிருந்தார். திரும்பக் குஞ்சு விடப்போகிறார்களாம், வேறு கம்பெனி கார்டு வாங்கியிருக்கிறார்களாம். "அன்னைக்கு ரெண்டு பக்கமா வெச்சுப் பாத்தீங்கல்ல, அதே மாதிரி இதையும் ஒருவாட்டி பாத்துக் குடுத்தீங்கன்னா..." என்று தயங்கிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புது நார்த்தூள் பரப்பியிருந்தது. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், வெறும் சுண்ணாம்பு வாசனைதான். இருந்தும் அந்தச் சுவரோரம் போக எனக்குக் கால் வரவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் குழி இருந்த இடத்தில் சோளம் போட்டிருந்தார்கள். மற்ற இடத்தைவிட அங்கே கரும்பச்சையாக, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பண்ணைக்காரர் அதை மாட்டுக்கு அறுத்துப் போடுவதில்லை என்றார்.

புதுக் கார்டிலிருந்து சிப்பைப் படிக்கப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி முயன்றேன். யாரும் உள்ளே பார்க்க முடியாதபடி அந்தக் கம்பெனி சிப்பைப் பூட்டி வைத்திருந்தது. திருட்டுப் போகாமல் இருக்க நிறைய கம்பெனிகள் அப்படிச் செய்வதுண்டு. அதற்காக மட்டும்தான் செய்கிறார்களா என்பது எனக்கு இனி எப்போதும் சந்தேகம்தான். திரையில் இடது பக்கம் காலியாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வலது பக்கத்துக்கும் என்னிடம் எதுவும் இல்லை. இருவரும் எனக்குப் பின்னால் நின்று அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அக்காள் உள்ளே போய் ஒரு சொம்பில் கொதிக்கிற தண்ணீர் கொண்டுவந்தார். வெயில் ஏறிவிட்டது என்று கார்டு நினைத்துக்கொள்ள, சூடு பார்க்கும் வயரின் நுனியை அதில் விடச் சொன்னேன். ஃபேன்கள் ஓடத் தொடங்கின. பண்ணைக்காரர் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கின. மூவரும் வாசலில், மழையில் பாதி நனைந்தபடி காத்துக்கொண்டு நின்றோம். சைரன் அடித்தது. தோப்பில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவர் உடனே நிறுத்தவில்லை. போதும் என்று அக்காள் சைகை காட்டும்வரை அதை அலற விட்டுக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு முறை குஞ்சு இறக்குவதற்கு முன்னாலும், பிறகு வாரத்துக்கு ஒரு தடவையும் இதே மாதிரி செய்து பார்க்கச் சொன்னேன். யார் என்ன படம் காட்டினாலும் நம்ப வேண்டாம், நான் காட்டினாலும்கூட என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மெயின் சுவிட்சைப் போட உள்ளே போனார்.